தொடுதிரை கைக்கு வாகாக இருப்பது எதனால்?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து, ஜூன் 8, 2025

அப்பாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். 120 ஹெர்ட்ஸ் திரை, பெரிய டிஸ்ப்ளே, பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு விரிசல் விட்ட பழைய போனையே திரும்ப எடுத்துக்கொண்டார். கேட்டால், "இது நம்ம பேச்சைக் கேக்க மாட்டேங்குதுடா" என்கிறார். வேகமும் அழகும் இருந்தால் அது நல்ல வடிவமைப்புதானே? வயதானவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

ஜூன் 8, இரவு

விடக் கூடாது. மன்னார்குடியில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "டச் சரியில்ல, என்னன்னு பாருங்க" என்று வரும் போன்களில் நிறைய, டச் பழுதே இல்லாதவை. சோதித்துப் பார்த்தால் ஓரத்துக்கு ஓரம் நன்றாக வேலை செய்யும். ஆனாலும் அவர்கள் பொய் சொல்லவில்லை. தொட்டபோது திரை ஒன்றும் சொல்லவில்லை, அதனால் டச் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் அப்பாவின் "பேச்சைக் கேக்க மாட்டேங்குது" அதே புகார்தான்.

ஆகவே முதலில் பதில் நேரம். 1968இல் ராபர்ட் மில்லர் என்ற ஆய்வாளர் கணினியின் பதில் நேரத்தைப் பற்றி எழுதினார். பிறகு ஜேக்கப் நீல்சன் என்ற வடிவமைப்பு நிபுணர் அதை எளிமையாக்கிப் பரப்பினார். கணக்கு இன்றும் அதேதான்: 0.1 விநாடிக்குள் ஏதாவது அசைந்தால் நாமே செய்தது போல இருக்கும். 1 விநாடி வரை யோசனை அறுபடாது. 10 விநாடி தாண்டினால் மனசு வேறு வேலைக்குப் போய்விடும். வேலையே 0.1 விநாடியில் முடிய வேண்டும் என்பதில்லை. மதகுப் பலகையைத் தூக்கினால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர நேரமாகும், ஆனால் பலகைக்கடியில் தண்ணீர் புரள்வது அந்தக் கணமே தெரிந்துவிடும். பட்டன் அந்த அளவுக்காவது புரள வேண்டும்: நிறம் மாறட்டும், லேசாக அதிரட்டும்.

120 ஹெர்ட்ஸ் என்றால் திரை விநாடிக்கு 120 படம் வரைகிறது, படத்துக்குப் படம் 8.3 மில்லி விநாடி. 60 ஹெர்ட்ஸில் 16.7. ஸ்க்ரோல் செய்யும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், மறுக்கவில்லை. ஆப் பதில் சொல்லத் தாமதித்தால் மட்டும் திரை அதே பழைய படத்தைத்தான் விநாடிக்கு 120 தடவை வரையும்.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டியபோது பாட்டுப் பட்டியலை விரலால் தள்ளினார். பட்டியல் விரலோடு ஒட்டி நகர்ந்தது, விட்டதும் வழுக்கி ஓடித் தானே அடங்கியது. கடைசி வரியைத் தாண்டி இழுத்தால் இழுபட்டுக் கொடுத்துத் திரும்பியது. இந்தக் கடைசித் துள்ளலைச் சிலர் அலங்காரம் என்கிறார்கள். அது இல்லாவிட்டால் பட்டியல் முடிந்துவிட்டதா, போன் ஹேங் ஆகிவிட்டதா என்று தெரியாது.

ஜூன் 9, காலை

இன்னொன்று, கடைக்கு வருகிற யாருக்கும் தெரியாதது. எந்தப் பட்டனையாவது தொட்டு, விரலை எடுக்காமல் அப்படியே பட்டனை விட்டு வெளியே நகர்த்திப் பிறகு எடுத்துப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. பெரும்பாலான பட்டன்கள் விரல் படும்போது வேலை செய்வதில்லை, விரலை எடுக்கும்போதுதான் செய்கின்றன.

இது தற்செயலாக வந்ததல்ல. 1988இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேனும் அவரோடு வேலை செய்தவர்களும் மூன்று விதமாகச் சோதித்தார்கள்: பட்டவுடன் வேலை செய்வது, விரல் ஒரு பட்டனுக்குள் நுழைந்தவுடன் செய்வது, விரலை எடுக்கும்போது செய்வது. மூன்றாவதில்தான் தவறு குறைவு. தொடுவதற்கும் முடிவெடுப்பதற்கும் நடுவில் யோசிக்க ஒரு இடைவெளி கிடைக்கிறது அல்லவா.

இதைச் சொல்லிக் கொடுத்தபோது நீடாமங்கலம் பக்கத்து ஆத்தா ஒருவர் கடையிலேயே உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். "அப்ப தப்பா தொட்டாலும் தப்பிச்சுக்கலாம்னு சொல்லு." அவர் முகத்தில் வந்த தெளிச்சியை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. உங்கள் அப்பாவுக்கும் முதலில் இதையே சொல்லிக் கொடுங்கள்.

ஜூன் 9, மதியம்

இதோடு சேர்ந்த பழைய கதை ஒன்று. ஒரு காலத்தில் போன் பிரவுசரில் எந்த லிங்க்கைத் தொட்டாலும் 0.3 விநாடி சும்மா நிற்கும். இரண்டாவது தட்டு வருமா, பெரிதாக்கக் கேட்கிறாரா என்று காத்திருக்கும். போனுக்கென்று எழுதிய பக்கங்களில் 2014இல் குரோம் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டது. எல்லாரும் "நெட் ஸ்லோ" என்று நினைத்த எரிச்சலில் ஒரு பங்கு இதுதான்.

ஜூன் 10

"நீ தொட்டா திறக்குது தம்பி, நான் தொட்டா திறக்க மாட்டேங்குது." இதைக் கேட்காத வாரம் கிடையாது. சொல்பவர்கள் பெரும்பாலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், மண்வெட்டி பிடிக்கும் ஆண்கள்.

காரணம் இயற்பியல். இன்றைய திரை அழுத்தத்தை அறியாது. கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. விரல் பக்கத்தில் வந்ததும் அங்கே மின்னேற்றம் கொஞ்சம் மாறும், அதை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கும். 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் ஈ. ஏ. ஜான்சன் எழுதிக் காட்டிய கருத்து இதுதான். காய்ப்புக் காய்த்த, உலர்ந்த தோல் அந்த மாற்றத்தைக் குறைத்துவிடுகிறது. தண்ணீர்த் துளியோ தானே ஒரு விரலைப் போல நடிக்கிறது. சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தொடுகிறவருக்கு இரண்டு தொல்லையும் உண்டு. நகத்தால் அழுத்தினால் கேட்கும் பழைய திரைகள் இவர்களுக்கு ஒரு விதத்தில் வசதியாக இருந்தன.

சில போன்களில் செட்டிங்ஸில் டச் சென்சிட்டிவிட்டி என்று ஒன்று இருக்கும். கையுறை போட்டவர்களுக்கும் மேலே கண்ணாடி ஒட்டியவர்களுக்கும் என்று வைத்தது. காய்ப்புக் கைக்கும் உதவுகிறது. போட்டுவிடுங்கள்.

மீதி, பட்டனின் அளவு. ஆப்பிள் தன் வழிகாட்டியில் குறைந்தது 44 பாயின்ட் என்கிறது, ஆண்ட்ராய்டு 48 டிபி என்கிறது (இரண்டும் திரையில் அளவு சொல்லும் அலகுகள்). இரண்டாவது, திரையில் சுமார் 9 மில்லிமீட்டர். 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கண்ட விதியும் இதற்குத் துணை: குறி சிறியதாகவும் தூரமாகவும் இருக்க இருக்கப் போய்த் தொட நேரம் கூடும். விளம்பரத்தை மூடும் அந்தப் பெருக்கல் குறி எவ்வளவு சிறியது என்று பார்த்திருப்பீர்கள். அந்த அளவு யாருக்கோ லாபம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நம் விரலும் கொஞ்சம் ஏமாற்றும். நாம் பார்ப்பது விரலின் மேல்பக்கத்தை, நகத்தை. கண்ணாடியில் படுவது அதற்குக் கீழே இருக்கும் சதை. நாம் நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் தொடுகிறோம். நல்ல போன் இதைத் தெரிந்துகொண்டு ஈடுகட்டும்.

ஜூன் 12

இன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள். காலையிலிருந்து கடையில் எல்லார் கையிலும் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். நாற்றங்கால் விட்டவர்கள், விடலாமா என்று யோசிப்பவர்கள், இரண்டு பேரும் அதே எண்களைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த எண்கள் வருவது ஒரு அட்டவணையைப் பிடித்த போட்டோவாக, வாட்ஸ்அப்பில். பத்து அணையின் கணக்கும் பொடி எழுத்தில். ஆனாலும் எல்லாரும் படித்துவிடுகிறார்கள், இரண்டு விரலால் விரித்து. இதை யாரும் யாருக்கும் பாடமாக எடுத்ததில்லை. ஒருவர் செய்வதை ஒரு தடவை பார்த்தால் போதும், விரல் விரிகிற அளவுக்குப் படம் விரிகிறது. விரித்த இடமே விரல்களுக்கு நடுவில் நிற்கிறது, வேறெங்கோ தாவுவதில்லை. தொடுதிரையில் இதைவிடச் சிறந்த ஒன்றை என்னால் சொல்ல முடியாது. போட்டோவில் கிடைக்கும் இந்த உரிமையை எத்தனையோ ஆப்கள் பறித்து வைத்திருக்கின்றன. அங்கே எழுத்து பொடியாக இருந்தால் இருந்ததுதான்.

வெயிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து ஏசி அறையில் அழகாகத்தான் இருக்கும். ஜூன் வெயிலில் வரப்பில் நின்று படிக்கிறவருக்கு அது வெறும் வெள்ளைத் திரை.

ஜூன் 13

உங்கள் அப்பாவின் பழைய போனில் கீழே மூன்று பட்டன் இருந்ததா என்று கேட்டேன், இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். புதியதில் இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

ஆண்ட்ராய்டில் 2019இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து, ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் பின்னால் போகும். கீழிருந்து மேலே தள்ளினால் முகப்பு. ஐபோன் 2017லேயே முகப்புப் பட்டனை எடுத்துவிட்டது. பழகிய கைக்கு இது நன்றாக இருக்கிறது, திரையும் முழுசாகக் கிடைக்கிறது. ஆனால் திரையில் அதற்கான அடையாளம் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் கதவு. போட்டோவை நகர்த்த ஓரத்திலிருந்து இழுத்தவர் திடீரென்று வெளியே வந்து நிற்பார், எப்படி வந்தோம் என்று அவருக்குத் தெரியாது.

செட்டிங்ஸில் நேவிகேஷன் என்று தேடி மூன்று பட்டனைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அந்தப் பேக் பட்டனின் பெருமை வேகம் அல்ல. எங்கே மாட்டிக்கொண்டாலும் அதைத் தொட்டால் வந்த வழியே திரும்பலாம் என்ற தைரியம். அந்தத் தைரியம் இருப்பவர் புதுப்புது இடங்களைத் தொட்டுப் பார்க்கிறார். இல்லாதவர் தெரிந்த பச்சை போன் பட்டனைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்து நான் பார்த்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: நல்ல வடிவமைப்பு மனிதரைப் பயமில்லாமல் தொட வைக்கிறது. மேலே எழுதிய பதில் நேரம், விரலை எடுக்கும்போது வேலை செய்வது, அளவு எல்லாம் இதற்குள்தான் வருகின்றன.

ஜூன் 14

பயம் என்று எழுதிவிட்டுப் படுத்தவனுக்குப் பணம் ஞாபகம் வந்தது. முதல் நாள் வேகத்தை அவ்வளவு புகழ்ந்தேன். அதற்கு ஒரு எல்லை போட வேண்டும்.

2016இல் யூபிஐ வந்தது. டீக்கடை, பூக்கடை, உரக்கடை எல்லாவற்றிலும் இன்று அதுதான். எந்த ஆப்பில் போனாலும் பின் நம்பர் போடும் பக்கம் மட்டும் ஒரே மாதிரி, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ கொடுப்பது. மேலே யாருக்கு, எவ்வளவு, கீழே எண்கள். ஆப் மாறினாலும் அந்த இடம் மாறாது என்பது பெரிய ஆறுதல், எழுத்தை முழுசாகப் படிக்காதவரும் அந்தப் பக்கத்தை அடையாளம் கண்டுகொள்கிறார்.

அதே பக்கத்தில்தான் பலர் ஏமாந்தும் போனார்கள். "உங்களுக்குப் பணம் அனுப்புறேன், பின் போட்டு வாங்கிக்குங்க" என்று எவனோ சொல்ல, பணம் கேட்கும் கோரிக்கைக்குப் பின் நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டியதே இல்லை. தொகை தெரிந்தது, பெயர் தெரிந்தது. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது மட்டும் ஒரு பாமரருக்கு உறைக்கிற மாதிரி தெரியவில்லை. இந்த இடத்தில் திரை நின்று, பெரிய எழுத்தில், உங்கள் கணக்கிலிருந்து போகப் போகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். இங்கே தாமதம் நல்லது.

நம் வாக்குப்பதிவு இயந்திரம் தொடுதிரை அல்ல, ஆனாலும் இந்தப் பேச்சுக்கு உரியது. நீலப் பட்டனை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், பீப் சத்தம் கேட்கும், யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபேட் பெட்டியில் சீட்டு 7 விநாடி கண்ணுக்கு முன்னால் நிற்கும். கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறது. படிக்காத பாட்டியும் வெளியே வந்து "போட்டாச்சு" என்று உறுதியாகச் சொல்கிறார்.

இதற்கு நேர் எதிர் ஒன்று. ஒரு வங்கியின் ஆப்பில் ஓடிபி வரும். மெசேஜைப் பார்க்க வெளியே போய்த் திரும்பினால் ஆப் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். பயிர்க்கடன் விஷயமாக வந்த ஒருவர் அதற்காகவே பேத்தியின் போனையும் கையோடு கொண்டுவந்திருந்தார், ஓடிபியை அதில் பார்க்கலாம் என்று. சிம் அவர் போனில்தானே இருக்கிறது, நம்பர் அங்கேதானே வரும் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அவ்வளவு யோசித்து வந்தவரை அந்த ஆப் மதிக்கவில்லை. எனக்கு அன்று முழுக்கக் கோபம்.

ஜூன் 14, இரவு

திரும்பப் பெறும் வசதியைச் சொல்லாமல் விட்டேன். வாட்ஸ்அப்பில் எல்லாரிடமிருந்தும் அழிக்க நினைத்துத் தன்னிடம் மட்டும் அழித்துவிட்டால், செய்தி மற்றவர்களிடம் அப்படியே நிற்கும், நம்மால் தொடவே முடியாது. 2022 டிசம்பரில் அதற்குச் சில விநாடி அவகாசம் கொடுத்தார்கள், கீழே வரும் அன்டூவைத் தொட்டால் செய்தி திரும்பும். "நிச்சயமாகவா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பதைவிட இது மேல். கேட்டுக்கொண்டே இருந்தால் விரல் பழகிப்போய்ப் படிக்காமலேயே ஆம் என்று தொட்டுவிடும். பணம் போன்ற திரும்பாத காரியத்துக்கு மட்டும் கேள்வியை வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 17

வாய்ஸ் மெசேஜைப் பற்றி இத்தனை நேரம் பேசாததே ஆச்சரியம். திருத்துறைப்பூண்டியிலிருந்து திருப்பூருக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகளோடு இங்கே தாய்மார்கள் பேசுவது இதில்தான். அழுத்திப் பிடித்தால் பதிவு, விட்டால் போய்விடும், இடது பக்கம் இழுத்தால் ரத்து, மேலே தள்ளினால் பூட்டிக்கொண்டு கை ஓய்வெடுக்கலாம். ஒரே கட்டைவிரலில் நான்கு வேலை. விரல் அழுத்தி இருக்கும் வரை நேரம் ஓடுவது தெரிகிறது, அதனால் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்ற சந்தேகம் இல்லை. எழுதத் தெரியாதவர், எழுதத் தெரிந்தும் நேரமில்லாதவர், இரண்டு பேருக்கும் ஒன்றே.

ஒரு கையில் செய்ய முடிவதும் முக்கியம். 2013இல் ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 1,333 பேர் போனைப் பயன்படுத்துவதைப் பார்த்துக் குறித்தார். அவர்களில் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் போனைப் பிடித்த விதம் இது: 49 சதவீதம் ஒரே கையில், 36 சதவீதம் ஒரு கையில் தாங்கி மறு கையால், 15 சதவீதம் இரண்டு கையிலும். போன்கள் அதற்குப் பிறகு நீண்டு வளர்ந்துவிட்டன, கட்டைவிரல் வளரவில்லை. 2021இல் ஐபோனின் சஃபாரி பிரவுசர் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கியபோது நிறையப் பேர் திட்டினார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. மறு கையில் பையோ குழந்தையோ பஸ் கம்பியோ இருக்கும் ஊர் நம்முடையது.

ஜூன் 18

கஜா புயல் நினைவு வந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அதற்குப் பிறகு அந்தப் பக்க ஊர்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போனில் அப்போது தேவைப்பட்டவை மூன்றே: சார்ஜ் எத்தனை சதவீதம் என்ற எண், டார்ச், போன் கால். லாக்கைத் திறக்காமலே மேலிருந்து இழுத்து டார்ச் போட முடிந்த போன்களை மக்கள் அந்த இருட்டில் நன்றி சொல்லிப் பயன்படுத்தினார்கள். அவசரத்துக்கு வேண்டியது ஒரு இழுப்பில் கிடைக்க வேண்டும்.

ஜூன் 19

தமிழில் வைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் வடிவமைத்தவர்கள் தமிழை வைத்துப் பார்த்தார்களா என்பது உடனே வெளுத்துவிடும். பட்டன் அகலம் ஆங்கிலத்துக்கு அளந்தது, தமிழ்ச் சொல் நடுவில் அறுந்து மூன்று புள்ளியாக நிற்கும். வரி உயரமும் அப்படி. கி, கீ மேலே வளையும், மூ, ழு கீழே இறங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் சுழியும் காலும் வெட்டுப்படும்.

இதைவிட மோசம் எழுத்தைப் பெரிதாக்கும்போது. ஆண்ட்ராய்டு 14 முதல் 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம், நல்ல வசதி. ஆனால் சில ஆப்களில் எழுத்து பெரிதானதும் சரி என்ற பட்டன் திரைக்குக் கீழே போய்விடும், ஸ்க்ரோலும் வராது. கண் சரியில்லாதவர்தான் பெரிதாக்குகிறார், அவருக்குத்தான் பட்டன் காணாமல் போகிறது.

கீபோர்டில் மட்டும் மகிழ்ச்சியாகச் சொல்ல நிறைய உண்டு. 247 எழுத்தை உள்ளங்கை அகலத்தில் அடக்குவது சின்ன வேலையா? தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் உயிர் இடது பக்கம், மெய் வலது பக்கம், கையும் மாறி மாறி ஓடும். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானே வந்துவிடும். அம்மா, பக்கம், பட்டம் என்று நம் மொழியில் அது எத்தனை தடவை வருகிறது. வேறு சில கீபோர்டுகளில் க தட்டியதும் உயிர் வரிசை கா, கி, கீ என்று மாறி நிற்கும். பள்ளிக்கூடத்தில் கண்ட அதே வரிசை, தேட வேண்டியதில்லை. கொ அடித்துவிட்டு அழித்தால் கொம்பும் காலும் போய் க மட்டும் நிற்பதும் எனக்குப் பிடிக்கும். பாதி சரியாக இருந்தது வீணாவதில்லை.

ஜூன் 21

மூன்று பட்டன் வைத்த பிறகு அப்பா புது போனில்தான் இருக்கிறார், ஆனால் பேரனிடம் ஒளித்து வைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்துச் சந்தோஷம். திரைமேல் ஒட்டும் டெம்பர் கண்ணாடி பற்றிக் கேட்டதற்கு: தடித்தது வேண்டாம், டச்சின் உணர்வு குறையும். ஓரத்தில் காற்று நிற்காமல் முழுசாக ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய கையோடு கடையிலேயே அப்பாவின் விரலால் நான்கு மூலையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கடைக்காரர் விரலால் அல்ல. அடுத்த தடவை போன் வாங்கும்போதும் அவரையே கூட்டிப் போங்கள். பாஷையைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைக் கடைசி வரை பெரிதாக்கி, கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். பணம் கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.